மாவு மில் வரிசையில் ஒரு டப்பா

பத்மஜாவைக் கொன்று தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டு சிமென்ட் பூசிவிட்டார்கள் என்று ஒரு பெருங்கூட்டமே சத்தியம் செய்துகொண்டிருந்தபோது, அவள் சாகவில்லை, கம்பி நீட்டிவிட்டாள் என்று சொன்னவள் நான் ஒருத்திதான். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். எப்படிப் போனாள் என்பதையும் எழுதித் தொலைத்தேன்.

‘பத்மஜா எங்கே?’ என்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாரம் ஒரு பகுதியாக வந்துகொண்டிருந்த மர்மத் தொடர். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்மஜா என்ற இல்லத்தரசி ஒருநாள் காலை இட்லிக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டுக் காணாமல் போகிறாள். போன் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. நகை பீரோவில் இருக்கிறது. நல்ல செருப்பு வாசலில் இருக்கிறது. யாரும் வெளியே போகவில்லை என்று வாட்ச்மேன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறான். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் அழுகையும் பின்னணி இசையும்.

இதற்கு பேஸ்புக்கில் ‘பத்மஜா துப்பறியும் கழகம்’ என்று ஒரு குழு. அங்கே நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. பத்மஜாவுக்கு இரட்டைச் சகோதரி உண்டு என்றார் ஒருவர். ஹாலில் இருக்கும் கடிகாரம் எல்லாப் பகுதியிலும் ஒரே மணியைக் காட்டுகிறது, ஆகவே இது முழுக்க கோமாவில் இருக்கும் கணவனின் கனவு என்றார் இன்னொருவர். பேட்டரி போட மறந்திருப்பார்கள் என்று நான் எழுதினேன். என்னை நாற்பது பேர் திட்டினார்கள். ஜன்னல் கம்பியில் உட்காரும் காக்காயைப் பற்றி மட்டுமே மேடவாக்கத்துக்காரர் ஒருவர் தினமும் கட்டுரை எழுதினார். சொந்தப் பெயரில் எழுதினால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று நான் ‘கறிவேப்பிலை’ என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். தாளிக்கும்போது மறக்காமல் போடுவதும் சாப்பிடும்போது முதலில் ஒதுக்குவதும் அதைத்தானே.

சேலையூரில், கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் எங்கள் வீடு. என் மாமனார் ராஜாராமன் டெலிபோன் இலாகாவில் இருந்தபோது கட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன் மாமியார் காமுவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போய்விட்டது. அப்போது நான் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். “மூணு மாசம் மட்டும் லீவு போடு மிருது, அம்மா எழுந்து நடக்கட்டும்” என்றார் என் கணவர் ஜெயகிருஷ்ணன். அத்தை எழுந்து நடக்கவில்லை. லீவு ராஜினாமா ஆயிற்று. இடையில் ஆயாக்கள் வந்தார்கள். அத்தை நல்ல கையால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். அவர்கள் போய்விடுவார்கள்.

அத்தைக்கு என்ன வேண்டுமென்றாலும் அந்த நல்ல கையில் இருக்கும் வளையலால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். டங் டங் என்று வீடு முழுக்கக் கேட்கும். மாமா ஒரு பக்கம் ஓடுவார், நான் ஒரு பக்கம் ஓடுவேன். தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் இருவரும் சேர்ந்துதான். ஜெய் காலையில் சிறுசேரிக்குக் கிளம்பினால் இருட்டியபிறகுதான் வருவார். பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொள்கிற மனிதர் யார் இருக்கிறார்கள் என்று தெருவே மாமாவைப் பார்த்து வியந்தது. மாமாவும் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. சாயங்காலம் மாடியிலிருந்து துணிகளை எடுத்துவந்து, இஸ்திரி போட்டதுபோல மடித்து அடுக்குவார். அப்புறம் பால்கனி நாற்காலியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பஞ்சாங்கம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் என் துரதிர்ஷ்டம். அடித்தால், திட்டினால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடக்கலாம். “நீ மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆவோம்” என்று தினமும் சொல்பவர்களிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது?

ஏற்காடு பக்கத்தில் ஒரு உறைவிடப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே போனில் இன்டர்வியூ கொடுத்தேன். கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒளிவிலகலைப் பற்றிப் பேசியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பதினைந்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமை வந்து சேரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். ஜெய்யிடம் பொதுவாகக் கேட்டுப்பார்த்தேன், திரும்ப வேலைக்குப் போகட்டுமா என்று. “அடுத்த வருஷம் பாக்கலாம்மா. இப்ப அம்மாவை யாரு பாத்துப்பா?” என்றார். போன வருஷமும் அதையேதான் சொன்னார். குரலில் கோபமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சண்டை இல்லை, விவாகரத்து இல்லை. வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். போய்ச் சேர்ந்தபிறகு போன் செய்து சொல்வது. முதலிலேயே சொன்னால் வாசற்படி தாண்டமுடியாது. அத்தை என்னை ஒரு பார்வை பார்ப்பாள், நான் பையைக் கீழே வைத்துவிடுவேன்.

திட்டம் இதுதான். எங்கள் தெருமுனையில் சவுரிமுத்துவின் மாவு மில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே கூட்டம் நெரியும். யாரும் நின்று காத்திருக்கமாட்டார்கள். டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு கடைக்கோ கோயிலுக்கோ போய்விடுவார்கள். டப்பா இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. சவுரிமுத்து டப்பாவை அடையாளம் பார்த்து முறைப்படி அரைத்து வைப்பார். யாராவது தேடிவந்தால், “இங்கதான் கீறாங்க, டப்பா பாரு” என்பார். எனக்கு அந்தப் பொய் போதும். அதற்குள் ஷேர் ஆட்டோ பிடித்து தாம்பரம், அங்கிருந்து கிளாம்பாக்கம், அங்கிருந்து சேலம் பஸ்.

துணிமணிக்கும் வழி செய்திருந்தேன். மில்லுக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பேபிக்காவிடம் புடவைகளை இஸ்திரிக்குப் போட்டேன். திரும்ப வாங்கவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. “ஒரு பை வேணுமே டீச்சர்” என்று மட்டும் சொல்லி, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் ஒரு நீலப் பை வாங்கிவந்து அதில் அடுக்கி வைத்திருந்தாள். மாதக்கணக்காக என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. அவள் கூப்பிட்டதற்காகவே அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று இருந்தது.

இப்படி எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் என் வாய் கெடுத்தது. குழுவில் ‘மாஸ்டர் பிரெய்ன்’ என்று ஒரு ஆசாமி. பத்மஜா தானாகப் போயிருப்பாள் என்று நான் எழுதியதற்கு, “ஒரு ஹவுஸ் வைஃபுக்கு இவ்வளவு மூளையெல்லாம் கிடையாது மேடம், அவளுக்கு போன் இல்லாமல் தெருமுனைக்குப் போகத் தெரியுமா?” என்று கேட்டு மூன்று சிரிப்புப் பொம்மை போட்டான். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் எழுதினேன்.

எல்லாவற்றையும் எழுதினேன். பெண் மாவு அரைக்கப் போவதை எந்த வாட்ச்மேனும் வெளியே போவதாக எண்ணமாட்டான் என்று எழுதினேன். டப்பா வரிசையில் அவளுக்காக நிற்கும், இஸ்திரி வண்டியில் புடவை காத்திருக்கும், போனை சார்ஜில் போட்டுவிட்டால் யார் கூப்பிட்டாலும் வீட்டுக்குள்ளேயே மணியடிக்கும், வீட்டுச் செருப்போடு போகிறவளை யாரும் எங்கே என்று கேட்கமாட்டார்கள், போய்ச் சேர்ந்ததும் ‘நன்றாக இருக்கிறேன், தேடாதீர்கள்’ என்று ஒரு போன். ஊர்ப்பெயர் ஒன்றும் எழுதவில்லை, அதனால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். அறுநூறு பேர் லைக் போட்டார்கள். மாஸ்டர் பிரெய்ன் வாயை மூடிக்கொண்டான். வகுப்பில் கடைசி பெஞ்ச் பையன் விடை சொல்லும்போது வருமே, அந்தச் சந்தோஷம் எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வந்தது.

மற்றவர்கள் கைதட்டியபோது, ‘வேடிக்கை பார்ப்பவன்’ என்ற பெயரில் ஒருவர் மட்டும் சின்னச் சின்னதாகக் கேள்வி கேட்டார். மரியாதையான கேள்விகள். “மாவு மில்லில் எந்தக் கிழமை கூட்டம் அதிகம் இருக்கும்?” வெள்ளிக்கிழமை என்றேன். “மற்ற நாளில் சாத்தியமில்லையா?” வியாழக்கிழமையும் பரவாயில்லை, கொஞ்சம் சீக்கிரம் கிளம்பவேண்டும் என்றேன். “மாத்திரைகளை எப்படி எடுத்துப்போவாள்?” பத்மஜாவுக்கு ஏது மாத்திரை என்று கேட்டேன். “பொதுவாகக் கேட்டேன்” என்றார்.

கடைசியாக அவர் கேட்டது: “அவள் போனபிறகு வீட்டில் மிச்சமிருப்பவர்கள் என்ன செய்வார்கள்?”

நான் யோசிக்கவே இல்லை. “மிச்சமிருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று எழுதினேன். அதற்கு முந்நூறு இதயம் விழுந்தது.

வியாழக்கிழமை காலை. ஜெய் கிளம்பிப் போய்விட்டார். நான் அத்தைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். மாமா சமையலறை அலமாரியைத் திறந்து கோதுமை டப்பாவை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கோதுமையைப் புடைத்து, காயவைத்து, மறுநாளைக்கென்று வைத்திருந்தவள் நான்.

“அதை எதுக்கு மாமா எடுக்கறீங்க? நாளைக்கு நான் போய் அரைச்சுட்டு வரேன்” என்றேன்.

“நாளைக்குக் கூட்டமா இருக்கும்மா” என்றார். “நான் போறேன். நீ இரு.”

கோதுமை போனால் என்ன, அரிசி இருக்கிறது, நாளைக்கு அரிசியைக் கொண்டுபோகலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். அத்தையின் அறை வாசலில் மாமா கொஞ்சம் நின்றார். உள்ளே போகவில்லை. அத்தை சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எல்லோருக்கும் துப்புக் கொடுத்த எனக்கு, என் வீட்டு வாசலில் நடந்தது தெரியவில்லை.

அத்தை கட்டில் கம்பியைத் தட்டினாள். தூக்கி உட்காரவைக்க வேண்டும், ஒருத்தியால் முடியாது. மாமா வரட்டும் என்று காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. போன் போட்டேன். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மணியடித்தது. சார்ஜில் இருந்தது.

அந்த மணி அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் பக்கத்து வீட்டு சூர்யநாராயணன் சாரின் மனைவியை அத்தைக்குத் துணை வைத்துவிட்டு ஓடினேன்.

மில்லில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சவுரிமுத்து புருவமெல்லாம் மாவாக நின்றார். “சார் வந்தாரா?” என்று கத்தினேன்.

“இங்கதான் கீறாரு. டப்பா பாரும்மா!” என்று அவரும் கத்தினார்.

எங்கள் டப்பா வரிசையில் நின்றது. மூடியில் மாமா தன் கையால் பெயின்டில் எழுதிய பெயரோடு, அடக்கமாக, முன்னால் இரண்டு டப்பா பின்னால் மூன்று டப்பா என்று நின்றது.

பேபிக்கா என்னைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். “இன்னா டீச்சர், நீ வர்ல? சார்தான் வந்தாரு. போன வாரமே நாலு சட்டை ரெண்டு வேட்டி குடுத்திருந்தாரு. வண்டில கீற நீலப் பைய அப்பவே பாத்துக்கினு நின்னாரு. இன்னிக்கு வாங்கிக்கினு போய்ட்டாரு.”

“பை?”

“அத்தத்தான் கேட்டாரு. ‘மிருதுளா வாங்கச் சொன்ன நீலப் பை உங்ககிட்ட கீதாமே’ன்னு பேர் சொல்லிக் கேக்கசொல்ல, நீ சொல்லித்தான் அனுப்சேன்னு நெனச்சிட்டேன். உன் பொடவையெல்லாம் அவரே அழகா எடுத்து மடிச்சி வெச்சிட்டுப் போனாரு. தோ கீது பாரு.”

வண்டியின் அடித்தட்டில் என் புடவைகள் ஒரு செய்தித்தாள்மேல் அடுக்கியிருந்தன. ஓரம் ஓரத்தோடு சேர, மூலை மூலையோடு சேர. எங்கள் வீட்டில் அப்படி மடிக்கிறவர் ஒருவர்தான். தினமும் துணி மடிக்கிறவருக்கு, எந்தப் புடவை இஸ்திரிக்குப் போய்த் திரும்பவில்லை என்று தெரியாமலா இருந்திருக்கும்? குழுவில் கிழமை கேட்ட வேடிக்கை பார்ப்பவன் அவர்தான், கறிவேப்பிலை யார் என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். நான் வெள்ளிக்கிழமை போனால் தாம் மாட்டிக்கொள்வோம் என்றும் தெரிந்திருக்கும். அதனால்தான் வியாழக்கிழமை. கதவு ஒருவர் போகும் அகலம்தான், அவர் முந்திக்கொண்டார்.

“பேஜாரா கீதா, டீச்சர்? உக்காரு” என்று பேபிக்கா ஒரு ஸ்டூலை நகர்த்தினாள். நான் உட்காரவில்லை. வீட்டில் அத்தை தட்டிக்கொண்டிருப்பாள். அந்த நிமிஷம் மாமாவின்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பாவி மனுஷன், பையையாவது விட்டுவிட்டுப் போயிருக்கக்கூடாதா?

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. குரோம்பேட்டையிலிருந்து ஜெய்யின் அக்கா ரமா வந்தாள். ஆளுக்கொரு கதை கட்டினார்கள். குழுவில் படித்த மாதிரியே இருந்தது, பெயர்கள்தான் வேறு. அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, வீட்டு விலாசம் தெரியாமல் எங்கோ நிற்கிறார் என்றாள் ரமா அக்கா. சூர்யநாராயணன் சார், “கிருத்திகைக்குக் கிருத்திகை குன்றத்தூர் போவாரே, மலைமேல சாமியோட உக்காந்துட்டாரோ என்னமோ” என்றார். யாரோ பணத்துக்காகக் கடத்தியிருக்கலாம் என்றுகூட ஒரு கட்சி. “நீதானே கூட இருந்தே மிருது, ஏதாவது சொன்னாரா?” என்று எல்லோரும் என்னையே கேட்டார்கள்.

எந்தச் செருப்பு, எந்த ஷேர் ஆட்டோ, எந்த பஸ் நிலையம் என்று எல்லாம் எனக்குத் தெரியும். எழுதியவளே நான்தான். ஆனால் வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். இஸ்திரி வண்டியில் உன் புடவைக்கு என்ன வேலை என்ற கேள்வி வரும். “மாவு அரைச்சுட்டு வரேன்னு சொன்னார்” என்று மட்டும் சொன்னேன். ஜெய் மாமாவின் போனைத் திறந்து பார்த்தார். குட் மார்னிங் படங்களைத் தவிர ஒன்றுமில்லை. துப்புரவாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் ஏதோ ஒரு டீக்கடைப் போனிலிருந்து ஜெய்க்கு அழைப்பு வந்தது. “நன்னா இருக்கேன். தேடாதீங்கோ.” அவ்வளவுதான், வைத்துவிட்டார். நான் எழுதிக்கொடுத்த வசனம்.

உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் வீட்டில் பயம் போய்க் கோபம் வந்தது. ஜெய் அத்தையின் கட்டில் ஓரத்தில் தலையை வைத்து அழுதார். என் கணவர் அழுது நான் பார்த்ததில்லை. ரமா அக்கா, “எனக்கு ஆபீஸ்ல ஆடிட் நடக்கறது, பசங்களுக்குப் பரீட்சை. நான் எப்படி இங்க வந்து இருக்க முடியும்?” என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமுடியாது என்று எனக்குத் தெரிந்தது.

“எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. ஏற்காட்டுல. திங்கக்கிழமை சேரணும்.”

சொல்லியேவிட்டேன். யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரமா அக்கா, “இப்பவா மிருது?” என்றாள், மெதுவாக, நான் ஏதோ உடம்பு சரியில்லாதவள் என்பதுபோல. ஜெய் தலையை நிமிர்த்தினார். கண் சிவந்திருந்தது.

“நீயுமா?” என்றார்.

அந்த ‘நீயும்’தான் என்னைக் கட்டிப்போட்டது. இல்லை, நான்தான் முதலில், அவர் என் திட்டத்தைத் திருடிக்கொண்டு போனார் என்று கத்தத் தோன்றியது. எப்படிச் சொல்வது? ஜெய் எழுந்துவந்து என் தோளில் கை வைத்தார். “உன்னை நான் தடுக்கமாட்டேன். போகணும்னா போ. நான் வேலையை விட்டுட்டு அம்மாவைப் பாத்துக்கறேன். வீட்டு லோன் ஏதோ பாத்துக்கலாம்.” அவர் மனசாரத்தான் சொன்னார். அதைவிடக் கெட்டியான பூட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

டங் டங் என்று அத்தை தட்டினாள். நான் அத்தைக்கு எதிர்ப்பக்கம் போய், ஜெய்யிடம் அக்குளில் எப்படிக் கைகொடுத்துத் தூக்கவேண்டும் என்று காட்டினேன். அவருக்கு வரவில்லை. அத்தைக்கு வலித்தது. “விடுங்க, நானே பாத்துக்கறேன்” என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை சவுரிமுத்து அரைத்த மாவை டப்பாவோடு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். “சார் டப்பா அப்டியே நிக்குது, நானும் எத்தினி நேரம் அத்த ஓரங்கட்டி வெக்கிறது?” என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த மாவில்தான் சப்பாத்தி போட்டேன். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தொடரின் கடைசிப் பகுதி. இந்த நேரத்தில் டிவி எதற்கு என்றார் ஜெய். ஆனால் அத்தை நல்ல கையால் ஹால் டிவி பக்கம் காட்டிக் காட்டித் தட்டினாள். அவளுக்கும் பத்மஜா என்ன ஆனாள் என்று தெரியவேண்டியிருந்தது போலும். சக்கர நாற்காலியில் ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து உட்காரவைத்தோம்.

பத்மஜா சாகவில்லை. தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர்தான் இருந்தது. மாவு டப்பாவுக்குப் பதில் கீரைக்கூடை, மற்றபடி முழுக்க நான் சொன்ன கதை. கடைசிக் காட்சியில் அவள் வீட்டுச் செருப்போடு ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள். “என்ன அபத்தம்! ஒரு வீட்டுப் பொம்பளை இவ்ளோ பிளான் பண்ணுவாளா?” என்றார் ஜெய். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நல்லவேளை, நீ இருக்கே” என்றார்.

சமையலறைக்குப் போய் போனைத் திறந்தேன். குழுவில் திருவிழா. கறிவேப்பிலை ஜெயித்துவிட்டாள். கறிவேப்பிலைக்குச் சிலை வைக்கவேண்டும். கறிவேப்பிலைதான் இந்தத் தொடரின் கதாசிரியர் என்று மாஸ்டர் பிரெய்ன் புதிய கண்டுபிடிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தான். பூங்கொத்துப் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு நடுவே, எங்கோ ஓர் ஊரிலிருந்து, ஏதோ ஒரு புதுப் போனிலிருந்து, வேடிக்கை பார்ப்பவன் எழுதியிருந்தார்.

“கறிவேப்பிலை சொன்னதுதான் சரி. மிச்சமிருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.”

என் வரியை எனக்கே திருப்பிக் கொடுத்திருந்தார். திருடன் என்று எழுதினேன், அழித்தேன். என் பையைத் திருப்பிக்கொடுங்கள் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். ஜெய்யைக் கூப்பிட்டு இதைக் காட்டிவிடலாமா என்று பார்த்தேன். காட்டினால் மாமா திரும்பி வருவாரா? வந்தால் மட்டும் நாளை காலை நான் ஏற்காட்டில் இருப்பேனா? கடைசியில் என் விரல் தானாக அடித்து அனுப்பிய வார்த்தை ஒன்றுதான். “மாத்திரை?”

உடனே பதில் வந்தது. “எடுத்துக்கொண்டேன். காமுவுக்கு ராத்திரியில் இடதுகால் இழுக்கும். நல்லெண்ணெய் சுடவைத்துத் தடவ வேண்டும். கொதிக்கக்கூடாது.”

குழுவில் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காமுவா? யார் காமு? எந்தப் பகுதியில் வருகிறாள்? பத்மஜாவின் உண்மைப் பெயரே காமு என்றார் காக்காய்க்காரர். இரண்டாம் சீசனுக்கு இது துப்பு, காமு என்பவள்தான் அடுத்துக் காணாமல் போவாள் என்றார் இன்னொருவர். இல்லை, கால் இழுக்கிறவள் எங்கே போவாள், அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி இருப்பாள், அவள்தான் போவாள் என்று ஒரு பெண் எழுதினாள். வரிசையாக விவாதம் ஓடியது.

ஹாலிலிருந்து, சக்கர நாற்காலிக் கம்பியில், டங் டங் என்று கேட்டது. நான் இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் ஊற்றி அடுப்பில் வைத்தேன். எண்ணெய் சுடுவதற்குள் மாஸ்டர் பிரெய்ன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

“அவள் போகமாட்டாள். போகிறவள் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு நிற்கமாட்டாள்.”

ஆயிரம் பேர் அதை ஆமோதித்தார்கள். அவன் அந்தக் குழுவில் முதல்முதலாகச் சரியாகச் சொன்னது அதுதான். எண்ணெய் கொதிக்கப் பார்த்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன்.